ஒரு கோடு, ஒரு மரம், மீதி வெளி

புகைப்படம் என்றால் சட்டம் கொள்ளும் அளவுக்குப் பொருள்கள் நிறைந்திருக்க வேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். கோபுரமும் வேண்டும், குளமும் வேண்டும், கூட்டமும் வேண்டும். வெற்றிடத்தைக் கண்டால் படம் வீணாயிற்று என்கிறோம். இவ்வெண்ணம் சரிதானா?

சீனத்தில் தென் சொங் அரசர் காலத்தில் மா யுவான் என்ற ஓவியர் இருந்தார். காட்சியை ஒரு மூலையில் தீட்டிவிட்டு மற்ற இடத்தை வெறுமையாக விடுவது அவர் வழக்கம். ஆதலின் ‘ஒருமூலை மா’ என்றே பெயர் பெற்றார். அம்மரபின் சாயலை இன்றைய புகைப்படங்களிலும் காணலாம். ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் எடுத்த கடற்காட்சிகளில் மேலே வானம், கீழே நீர், நடுவே ஒரு கோடு, அவ்வளவே. ஆங்கிலேயரான மைக்கேல் கென்னா ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பனிவெளியின் தனிமரங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்.

இச்சுருக்கம் நமக்குப் புதியதன்று. ஜப்பானியக் கவிதையின் சொற்செட்டை வியந்து பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் எழுதினார். அதற்கும் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே, நான்கு முதல் எட்டு அடிக்குள் ஒரு நிலத்தையும் ஒரு நெஞ்சையும் அடக்கிக் காட்டியது குறுந்தொகை. சொல்லாமல் விட்டதை இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் பெயரிட்டுப் போற்றிய இனம் நம் இனம்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மரபான ஹைக்கூவில் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இருத்தல் வேண்டும். தொல்காப்பியமும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அப்படியானால், இடமும் காலமும் அற்ற வெறுமை வெறும் அலங்காரமே.

இதை நம் பட்டுக்கோட்டை வட்டாரம் நன்கு உணர்த்தும். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல் இங்குள்ள தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதன்பின் வெற்று வெளியில் நின்ற ஒற்றைத் தென்னையைப் படம் எடுத்தால், அயலூரார் ‘என்ன அமைதி!’ என்பர். தோப்புக்காரனுக்கோ அது இழவு வீடு. படத்தின் கீழ் நாளையும் ஊரையும் குறித்தாலே போதும், அவ்வெளி பேசத் தொடங்கும். அதை மறைத்துப் பெறும் அழகு பொய்யழகு.

அவ்வாறே, படம் ‘சுத்தமாக’ வர வேண்டுமென்று நடவு வயலில் குனிந்திருக்கும் பெண்ணைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவது சுருக்கம் ஆகாது. உழைப்பாளரைப் பாடிய கல்யாணசுந்தரம் பிறந்த மண்ணில் அது தகவும் ஆகாது. பரந்த பச்சையில் அவளொருத்தியே புள்ளியாக நின்றால், அதைவிடச் சிக்கனமான படம் வேறு ஏது?

புகைப்படக் கருவி கையடக்கமாகிவிட்ட நாள் இது. மாணவ நண்பர்கள் பனிமலையைத் தேடி அலைய வேண்டா. மருதத்துக்கு வயலும், நெய்தலுக்கு அதிராம்பட்டினத்து உப்பளமும் அருகிலேயே உள்ளன. வேண்டாததை விலக்குங்கள்; உண்மையை விலக்காதீர்கள்.