நாம் என்று தொடங்கும் வாக்கியம்

கடந்த நவம்பர் 26 அன்று ஓர் அரசுப் பள்ளியின் காலைக் கூட்டத்தில் நின்றிருந்தேன். அரசமைப்புச் சட்ட நாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒலிவாங்கியின் முன் நின்று முகவுரையைத் தொடர் தொடராகச் சொல்ல, மைதானம் முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. உறுதிமொழி எடுக்கும் பழக்கத்தில் பிள்ளைகள் எல்லோரும் வலது கையை முன்னால் நீட்டியிருந்தார்கள். நீட்டிய மணிக்கட்டுகளில் கயிறுகள். இரண்டு நிறம் சேர்த்து முறுக்கிய கயிறுகள். கடைசி வரிசையில் ஒரு பையன், சட்டைக் கைக்குள் ஏறிவிட்ட தன் கயிற்றை இடது கை விரலால் வெளியே இழுத்துவிட்டுக்கொண்டான். அதே நேரத்தில் அவன் வாய் ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்த நிறம் எந்தத் தெரு என்பது அங்கிருந்த ஆசிரியர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

அன்றிலிருந்து அந்த ‘நாம்’ என்னை விடவில்லை.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். இந்தியிலும் அப்படித்தான். தமிழில் பேசுகிறவனோ வாயைத் திறந்ததுமே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எதிரில் நிற்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கி வைத்தால் நாங்கள். ‘நாங்கள் கோயிலுக்குப் போகிறோம்’ என்றால் நீ வரவில்லை என்று பொருள். ‘நாம் போகிறோம்’ என்றால் நீயும் கிளம்பு என்று பொருள். மூன்று வயதுப் பிள்ளைகூட இதில் தவறு செய்வதில்லை. முகவுரையைத் தமிழாக்கியவர்களுக்கு இந்தத் தேர்வில் தயக்கம் இருந்திருக்காது. மூலத்தின் கருத்தே அதுதான். ஆனால் மூலமொழியில் மறைந்துகிடந்த ஒன்றைத் தமிழ் வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டது. வாசிக்கிறவர் கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால்தான் இந்த வாக்கியம் தமிழில் தொடங்கவே தொடங்கும்.

இந்த நாம் எளிதாகக் கிடைத்ததல்ல. 1946 டிசம்பர் 13 அன்று நேரு முன்மொழிந்து, 1947 ஜனவரி 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற குறிக்கோள் தீர்மானம்தான் முகவுரைக்கு விதை. நீதி, சமத்துவம், சுதந்திரம் எல்லாம் அதிலேயே உண்டு. முகவுரை விவாதத்துக்கு வந்ததோ எல்லாச் சட்டப் பிரிவுகளும் முடிந்தபிறகு, 1949 அக்டோபர் 17 அன்று. வீட்டைக் கட்டி முடித்துவிட்டு வாசலுக்கு வந்தது போல. தலைமை இருக்கையில் இராஜேந்திர பிரசாத்.

அன்று உறுப்பினர் எச். வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கடவுளின் பெயரால் என்று முகவுரை தொடங்க வேண்டும் என்றார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடவேண்டாம் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். திருவிதாங்கூரின் பட்டம் தாணுப்பிள்ளை எழுந்தார். தாம் கடவுள் நம்பிக்கை உள்ளவர் என்பதை மறைக்காமலே, இது நம்பிக்கையில்லாதவரைக் கட்டாயப்படுத்துவதாகும், தொழுவதும் தொழாமலிருப்பதும் அவரவர் உரிமை என்றார். காமத் விடவில்லை. கை தூக்கி எண்ணினார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68.

அந்த 68 பேரில் பெரும்பாலோர் கடவுளை மறுப்பவர்களாக இருந்திருக்க மாட்டார்கள், வீட்டில் பூசையறை உள்ளவர்களாகவே இருந்திருப்பார்கள். தாணுப்பிள்ளையின் பேச்சை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் இதுதான். தனக்கு மிக நெருங்கிய ஒன்றை, இன்னொருவருக்கு அது நெருக்கமில்லை என்பதற்காக, பொதுவாசலில் எழுதாமல் விட்டார். நாங்கள் என்று எழுத எண்ணிக்கை பலம் இருந்த அவையில் நாம் என்று எழுதினார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மக்களாகிய நாம் என்று எழுதிய அந்த அவையை மக்கள் எல்லோரும் தேர்ந்தெடுக்கவில்லை. சொத்து, வரி, படிப்பு என்ற சல்லடையில் நின்ற சிலர் வாக்களித்து அமைந்த மாகாணச் சட்டமன்றங்கள்தாம் அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோரை அனுப்பின. ஆகவே எழுதியபோது அந்தச் சொல் முழு உண்மையாக இல்லை. அதை உண்மையாக்கும் வேலை வாக்காளர் பட்டியலில் நடந்தது. வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு என்று முடிவானபின் வீடு வீடாகப் போனவர்களுக்கு, குறிப்பாக வடக்கே, ஒரு சிக்கல். பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்திருந்தார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதற்கு இணங்கவில்லை. சொந்தப் பெயர் கொடுக்காதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேர் அப்படி முதல் தேர்தலில் விடுபட்டார்கள்.

கொடுமையான முடிவு என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நாம் என்ற சொல்லுக்குள் ஒரு பெண் யாருடைய மனைவியாகவும் வரமுடியாது, தன் பெயரோடுதான் வரமுடியும் என்று ஓர் அரசு அலுவலகம் 1951இல் பிடிவாதம் பிடித்தது. அந்தப் பெண்களில் பலர் அடுத்த தேர்தலுக்குள் தங்கள் பெயரைச் சொல்லக் கற்றார்கள் என்று நினைக்கையில், முகவுரையின் அந்த ‘நாம்’ ஒரு வீட்டுத் திண்ணைவரை நடந்துபோனது கண்ணில் தெரிகிறது.

முகவுரைக்குச் சட்ட மதிப்பு உண்டா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1960இல் பெருபாரி வழக்கில் அது அரசமைப்பின் பகுதியல்ல என்றது உச்ச நீதிமன்றம். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளின் அமர்வு அந்தக் கருத்தைத் திருத்தியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இன் 42ஆவது திருத்தத்தில், சமதர்மம், சமயச்சார்பின்மை என்ற சொற்கள் சேர்ந்தன. சேர்த்த நேரம் தவறு என்பது உண்மை. சேர்த்த சொற்கள் தவறில்லை என்பதும் உண்மை. அவற்றை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்த இரண்டு சொற்களைச் சுற்றியே தொலைக்காட்சி விவாதங்கள் நடக்கின்றன. நடக்கட்டும். ஆனால் யாரும் எதிர்க்காத, எதிர்க்காததாலேயே யாரும் கவனிக்காத ஒரு சொல் முகவுரையின் கடைசியில் இருக்கிறது. சகோதரத்துவம்.

குறிக்கோள் தீர்மானத்தில் அது இல்லை. 1948 பிப்ரவரியில் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுதான் சேர்த்தது. அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். நீதி, சுதந்திரம், சமத்துவம் மூன்றையும் குடிமக்களுக்கு உறுதியாகக் கிடைக்கச் செய்வோம் என்கிறது முகவுரை. சகோதரத்துவத்துக்கு வரும்போது வினை மாறுகிறது. அவர்களிடையே அதை வளர்ப்போம் என்கிறது. கொடுக்கக்கூடிய பொருளல்ல அது, வளர்க்க வேண்டிய பயிர் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சகோதரத்துவம் எதற்கு என்று அடுத்த வரி சொல்கிறது: முதலில் தனிமனிதரின் மாண்பு, அதற்குப் பிறகே தேசத்தின் ஒற்றுமை. இந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கும் பழக்கம் நம்மிடம் வளர்ந்துவருகிறது. ஒற்றுமையின் பெயரால் மாண்பை விட்டுக்கொடு என்று கேட்கிற எவரும் முகவுரையைக் கடைசி வரிவரை படிக்கவில்லை.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் அம்பேத்கர் இதை வெளிப்படையாகவே சொன்னார். ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படி ஒரு தேசம் ஆவார்கள் என்று கேட்டார். சகோதரத்துவம் இல்லையென்றால் சுதந்திரமும் சமத்துவமும் மேற்பூச்சாகவே நிற்கும் என்றார். 1954இல் வானொலி உரையில், இந்தக் கருத்துகளைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்றார். முகவுரை விவாதத்தின்போது உறுப்பினர் கிருபளானியும் சாதியும் மக்களாட்சியும் ஒன்றாக வாழமுடியாது என்று அவைக்கு நினைவூட்டினார். எழுதியவர்கள் ஏமாந்து எழுதவில்லை. எதை எதிர்த்து எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுதினார்கள்.

அவர்கள் எதிர்த்து எழுதியது இன்னும் போகவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதற்குத் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பாடநூல்களின் தொடக்கத்தில் தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று தலைமுறை தலைமுறையாக அச்சிட்டு வந்த மாநிலம் இது. அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் வெட்டியவர்களும் படித்தார்கள், வெட்டுப்பட்டவரும் படித்தார்.

ஒரு கயிறு ‘நாங்கள்’ என்று சொல்கிறது. அதே கை நீட்டி ‘நாம்’ என்று சொல்கிறது. இரண்டையும் அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரியவர்கள். முதலாவதை வீட்டிலும் தெருவிலும் ஆண்டு முழுக்கக் கற்றுக்கொடுக்கிறோம். இரண்டாவதற்கு நவம்பரில் ஐந்து நிமிடம் ஒதுக்குகிறோம். அந்த ஐந்து நிமிடத்தையாவது வகுப்பறைக்குள் கொண்டுபோகச் சொல்லி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாம் என்றால் யார் யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பெயர் பெயராகச் சொல்லச் சொல்லுங்கள். யார் பெயர் விடுபடுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

கூட்டம் முடிந்து கலைந்தபோது அந்த மாணவியிடம் பேசினேன். முகவுரையை மனப்பாடமாகச் சொன்னாயே, எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். “ரெண்டு நாள்தான் சார். ஒரே வாக்கியம்தானே, ஆனா மூச்சு விடத்தான் இடமே இல்ல” என்றாள்.

அவளுக்காக இந்த இதழின் பின்னட்டையில் முகவுரையை வரி பிரித்து, பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். வெட்டிச் சுவரில் ஒட்ட வசதியாக அட்டையின் உட்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.