வெள்ளியில் முகம் இருக்கிறது, வாதம் எங்கே?

நண்பர் ஒருவர் சேகரித்து வைத்திருக்கும் 125 ரூபாய் நாணயத்தை அண்மையில் கையில் வாங்கிப் பார்த்தேன். அண்ணல் அம்பேத்கரின் 125ஆவது பிறந்த ஆண்டையொட்டி, 2015 டிசம்பர் 6 அன்று பிரதமர் மோடி வெளியிட்டது. எடை 35 கிராம், அதில் பாதி வெள்ளி. ஒரு பக்கம் அசோகரின் சிங்கங்கள், மறுபக்கம் அண்ணலின் முகம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது புழக்கத்துக்கு வராத காசு. பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அம்பேத்கர் ரூபாயை ஆராய்ந்து லண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த ஆய்வு 1923இல் 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலாக வந்தது. மக்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக மாற்றிக்கொள்ளும் வழியை ஆங்கிலேய அரசு 1893இல் அடைத்தது; தான் மட்டும் விருப்பம்போல் அச்சடித்துக்கொண்டது. அரசுக்கும் அந்தக் கதவை மூட வேண்டும் என்றார் அம்பேத்கர். வெள்ளி ரூபாய் அச்சடிப்பதை நிறுத்தச் சொன்னவரைத்தான் இன்று வெள்ளியில் அச்சடித்திருக்கிறார்கள்!

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? ரூபாயின் மதிப்பு சரிந்தால் விலைவாசி ஏறும். கூலி அதே வேகத்தில் ஏறாது. ஏற்றுமதி முதலாளிக்குக் கிடைக்கும் லாபம் உழைப்பவரின் தட்டிலிருந்து எடுத்தது என்பதை அவர் பார்த்தார்.

என் பாட்டிக்கு அறுவடைக் கூலியைக் கை படாமல் மேலிருந்து போடுவார்களாம். அவர் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொள்வார். அந்தக் காசுக்கு எவ்வளவு அரிசி வரும் என்பதுதான் அவரது பொருளாதாரம். அம்பேத்கரின் கேள்வியும் அதுதான்.

முகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த முகத்தைக் காசில் பார்க்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. அதே நாளில் வெளியான 10 ரூபாய் நாணயம் புழக்கத்துக்கும் வந்தது. ஆனால் அதிலும் முகம் மட்டும்தான். முகத்தின் பக்கத்தில் அந்த நூலின் பெயரை, 1923 என்ற ஆண்டைப் பொறித்திருந்தால், இவர் யார் என்று கேட்கும் குழந்தைக்கு ரூபாயைப் பற்றியே பதில் சொல்லத் தொடங்கியிருக்கலாம். சிலையாகவும் படமாகவும் அம்பேத்கரை ஏற்பது அரசுகளுக்கு எளிது. கூலியைப் பற்றிக் கேட்கும் அம்பேத்கர்தான் சங்கடம்.

தோழர்களே, அந்த நாணயம் கிடைக்கவில்லை என்று வருந்தாதீர்கள். நூலைத் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு, உங்கள் ஊரில் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு நாள் கூலிக்கு எத்தனை கிலோ அரிசி வாங்க முடிந்தது, இன்று எத்தனை கிலோ வாங்க முடிகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.