விரதம் முடிந்த மறுநாள்

தைப்பூசத் திருநாள் நெருங்கிக்கொண்டிருக்கும் இவ்வேளையில், நாடெங்கிலும் மெய்யன்பர்கள் பலர் நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் இருக்கின்றனர். சிலர் இருபத்தொரு நாள், சிலர் ஒரு வாரம் என அவரவர் இயன்ற அளவில் மேற்கொள்வதும் உண்டு. புலால் நீக்கி, மதுவும் புகையும் விலக்கி, ஒரு வேளை உணவோடு, தரையில் பாய் விரித்துப் படுத்து, முருகப் பெருமானை நினைந்திருக்கும் இவ்வன்பர்களைக் காணும்போது நமக்குள் ஒரு வினா எழுகின்றது. நாற்பத்தெட்டு நாள் நாவை அடக்கியாள வல்ல நம் மக்கள், ஆண்டின் எஞ்சிய முந்நூற்றுப் பதினேழு நாள்களில் அதனிடம் தோற்றுப் போவது ஏன்?

வினா வீணானதன்று. சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, இந்நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. நம் ஆலயப் பந்தியில் பெரியவர்கள் பத்துப் பேர் வரிசையாக அமர்ந்தால், அவர்களில் மூவருக்கு 'இனிப்பு நீர்' என்று பொருள். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியிருப்பது ஆறுதலே. ஆயினும் அதே ஆய்வு, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்கின்றது. 2019இல் இது 50.1 விழுக்காடாக இருந்தது. எடை ஏறினால் நோய் பின்தொடர்ந்து வரும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிய வேண்டுமென்பதில்லை.

நம் பாட்டன்மார் இதே சோற்றைத்தானே உண்டார்கள், அவர்களுக்கு இந்நோய் இல்லையே என்று கேட்பவர்கள் உளர். கேட்பது நியாயமே. தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை, பொழுது விடியும் முன் பெரட்டுக் களத்தில் நின்றது. முந்நூறு, நானூறு பால்மரங்களை நடந்து நடந்து சீவி, மங்கிலிருந்து பாலை எடுத்து, வாளிகளைச் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கியது. மாலையில் காய்கறித் தோட்டம், மாடு, விறகு. அவ்வுடம்பு ஒரு தட்டுச் சோற்றை உண்டது, உண்டதை எரித்தது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நாம் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தோம். இன்று தொழிற்சாலையில் நிற்கிறோம், காரில் அமர்கிறோம், அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுவதில்லை. உழைப்பு நம்மை விட்டுப் போய்விட்டது. தட்டின் அளவு மட்டும் தோட்டத்து அளவாகவே இருக்கின்றது. அன்று தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஆண்டுக்கொரு முறை கண்ட பாயசமும் வடையும், இன்று வெள்ளிக்கிழமைதோறும், திருமணந்தோறும், திறந்த இல்ல உபசரிப்புதோறும் வந்துவிடுகின்றன.

நம்மவர் உடல்வாகும் இதற்குத் துணை போகின்றது. தெற்காசிய வழிவந்தோருக்குக் கொழுப்பு கை கால்களில் பரவுவதைவிட வயிற்றுப் பகுதியில், உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் இயல்பு மிகுதி. அக்கொழுப்பே கணையத்தில் சுரக்கும் இன்சுலினின் வேலையைத் தடுப்பது. ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல், ஆசிய மக்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று அறிவுறுத்தியது. மற்றவர்களுக்கு அது 25. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். தையற்காரரின் அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால் போதும். வேட்டியும் சேலையும் இவ்வுண்மையை நெடுநாள் மறைத்துவிடுகின்றன என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

இனி, விரத உணவைப் பற்றி. சைவ உணவு உண்டால் எடை தானே குறையும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. பூரியும் சைவமே, உருளைக்கிழங்கு வறுவலும் ஜிலேபியும் சைவமே. பகல் முழுதும் பட்டினி கிடந்து, மாலைப் பூசைக்குப் பின் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் உண்டு, உடனே படுத்துக்கொள்ளும் அன்பர் சிலர் விரத முடிவில் முன்னிலும் கனத்துப் போவதை நாம் பார்க்கின்றோம். வேறு சிலருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கும். அதில் பெரும்பகுதி உடலில் தேங்கிய நீரே என்பதை அறியாமல் மகிழ்வர். இடும்பன் பூசை முடிந்த மறுநாள் விருந்தோடு அது திரும்பி வந்துவிடும்.

விரதம் கற்றுத் தருவது பட்டினியை அன்று. வேண்டாம் என்று சொல்லும் வல்லமையை. மாமாக் கடையில் நண்பர்கள் சூழ்ந்திருக்கையில், 'நான் விரதம்' என்று ஒரு சொல் சொன்னால் எவரும் வற்புறுத்துவதில்லை. அதே அன்பர் பிற நாள்களில் 'சீனி வேண்டாம்' என்று சொல்லக் கூசுகிறார். இக்கூச்சத்தைப் போக்கிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது எனலாம்.

ஏனெனில், நம் எடையில் ஒரு பங்கு நாம் உண்பதால் வருவதன்று, குடிப்பதால் வருவது. ஒரு குவளை தே தாரேக்கில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப் பால் சேர்ந்தால் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை உள்ளே போகின்றது. காலையில் ஒன்று, வேலையிடத்தில் ஒன்று, மாலையில் ஒன்று என மூன்று குடித்தால் 60 கிராம், அதாவது பன்னிரண்டு தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் உச்ச வரம்பு. 25 கிராமுக்குள் நிறுத்துவது இன்னும் நன்று. சோற்றில் கை வைக்கும் முன்னரே நாம் வரம்பைக் கடந்துவிடுகின்றோம். இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 காசு தீர்வை விதித்த அரசாங்கம், 2024இல் அதனை 50 காசாக்கி, பின்னும் உயர்த்தியது. ஆனால் அத்தீர்வை ஆலையிலிருந்து வரும் பானங்களுக்கே. கடையில் ஆற்றித் தரும் தேநீருக்கு நாமேதான் தீர்வை விதித்துக்கொள்ள வேண்டும். சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டியோ வெல்லமோ குலா மெலாக்காவோ சேர்த்தால் தீங்கில்லை என்று நம்புவோரும் உண்டு. சுவை வேறு, மணம் வேறு. இரத்தத்தில் கலந்த பின் எல்லாம் சர்க்கரையே.

உணவை எப்படி மாற்றுவது? சுகாதார அமைச்சு 'கால், கால், அரை' என்று ஒரு முறையைப் பரப்பி வருகின்றது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, மீன், முட்டை போன்ற புரத உணவு. வாழை இலையில் இதைச் செய்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்: நம் வழக்கத்தில் சோறு நடுவே மலையாகவும், காய்கறி மேல் ஓரத்தில் பொட்டாகவும் வைக்கப்படுகின்றது. அம்மலையைப் பாதியாக்கி, கீரைக்கும் கூட்டுக்கும் இடம் கொடுத்தால் போதும். சைவர்களுக்குப் பயறு, கொண்டைக்கடலை, தெம்பே போன்றவை கைகொடுக்கும். காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறையும் என்பதையும் ஆய்வாளர் காட்டியுள்ளனர். காலைப் பசியாறலுக்கு நாள்தோறும் ரொட்டி சானாய் உண்பவர், ஒன்றிலேயே சுமார் 300 கலோரி இருப்பதை மனத்திற்கொண்டு, அதை வாரத்துக்கு ஒரு நாளாக ஒதுக்கிக்கொள்ளலாம். முற்றிலும் துறக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முற்றத் துறந்தவர்களே மூன்றாம் வாரத்தில் முழுதாகத் திரும்புகின்றனர்.

இலக்கும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும் வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களிடையே, நோய் தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோ சொச்சமே. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று சென்னையிலிருந்து கிடைத்தது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களிடையே நோய் 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடை பெரிதாக இறங்காதபோதும் இப்பயன் கிட்டியது என்பது நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. எடைக் கருவியின் முள் அசையவில்லை என்று மனம் தளர்ந்து பழைய வழிக்குத் திரும்புவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் மருந்தைவிட உணவின் அளவும் பசித்த பின் உண்பதும் மிகுதியாகப் பேசப்படுவதும் இக்கருத்துக்கு அரணாகும்.

நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் விரதத்தைப் பற்றி ஒன்று அறிய வேண்டும். இன்சுலின் ஊசியோ, கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். விரதம் தொடங்கும் முன் கிளினிக்கில் மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது இன்றியமையாதது. தாமாகவே மருந்தை நிறுத்துவது ஆகாது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் உடனே இனிப்பு உட்கொள்ள வேண்டும். அதனால் விரதம் பங்கமாயிற்றே என்று வருந்த வேண்டியதில்லை. வெயிலில் காவடி சுமந்து பத்துமலையின் 272 படிகளையும் ஏறும் அன்பருடன் செல்வோர், தண்ணீரோடு இனிப்பையும் கையில் வைத்திருப்பது நலம்.

இவ்வளவும் அன்பர்களுக்குச் சொன்னோம். ஆலயத்திற்குப் பொறுப்பில்லையா என்று கேட்கலாம். பொறுப்பு உண்டு. சென்ற ஆண்டு அன்னதானத்தில், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் அம்மையார் ஒருவர், இலையின் முன் அமர்ந்து நெடுநேரம் கைவைக்காமல் இருந்தார். விசாரித்தபோது, "இதில் நான் எதைச் சாப்பிடலாம், நீங்களே சொல்லுங்கள் தம்பி" என்றார். சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம், ஊறுகாய், பாயசம், இரண்டு வகை இனிப்பு. எங்களால் எதையும் சுட்ட முடியவில்லை. இந்நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம் என்பதால், இத்தகையோர் நம் பந்தியில் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

இதன் பின்னர் நிர்வாகக் குழு பலமுறை கூடிப் பேசியது. உபயகாரர்களின் மனம் நோகுமோ என்ற தயக்கமே பெரிதாக இருந்தது. வேண்டுதல் நிறைவேறியதற்கு நன்றியாக ஆயிரம் பேருக்கு அன்னமிட வருபவரிடம், இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்வது எளிதன்று. 'இலை நிறையாவிட்டால் என் பெயர் என்னாவது' என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். அக்கேள்வியில் தவறில்லை, நிறைந்த இலை என்பது நம் மரபில் நிறைந்த மனத்தின் அடையாளம். ஆனால் இலையை எதனால் நிறைப்பது என்பதில் உபயகாரருக்கும் ஆலயத்திற்கும் இடமிருக்கின்றது.

ஆகவே, இவ்வாண்டு நைவேத்தியத்தில் எந்த மாற்றமும் இராது. சுவாமிக்குச் சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் முறைப்படியே படைக்கப்பெறும். பிரசாதம் சிறு தொன்னையில் வழங்கப்பெறும். அன்னதானத்தில் இரண்டு கறிக்குப் பதிலாக நான்கு: கீரை, இரண்டு வகைக் காய், கொண்டைக்கடலைச் சுண்டல். சோறு முதலில் ஓர் அகப்பை. கேட்போருக்கு மறுமுறையும் உண்டு, யாரும் பசியோடு எழ மாட்டார்கள். இனிப்பு ஒன்று மட்டும். ஊறுகாய் கேட்டால் தரப்படும். அப்பளத்தை நிறுத்தலாம் என்ற முன்மொழிதலுக்கு நிர்வாகக் குழுவில் ஒருவரும் ஆதரவு தரவில்லை. எனவே அப்பளம் உண்டு. தண்ணீர்ப் பந்தலில் சிரப் தண்ணீரும் பாக்கெட் பானங்களும் இடம்பெறா. குடிநீர், உப்புக் குறைந்த நீர்மோர், வெல்லம் குறைத்த பானகம் ஆகியவை வழங்கப்பெறும். இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோர் தமக்கு மருத்துவர் விதித்த உணவு முறையை முன்கூட்டியே தொண்டர்களிடம் தெரிவித்தால், தனியே பரிமாற ஏற்பாடு செய்யப்படும்.

பானப் பெட்டிகளை வழங்க எண்ணியிருந்த உபயகாரர்கள், அதே தொகைக்கு வாழைப்பழம், கொய்யா, பப்பாளி ஆகியவற்றைத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். காய்கறி நறுக்கும் பணி இவ்வாண்டு இருமடங்காகும் என்பதால், பூசத்திற்கு முந்திய நாள் மாலை கத்தியும் அரிவாள்மணையும் கொண்டு மடப்பள்ளிக்கு வரக்கூடியவர்கள் தங்கள் பெயரை ஆலய அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். ஆண்களும் வரலாம்.