அக்கிக்கு எழுதப் போகுமுன்…

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை. என் தம்பி சட்டையைத் தூக்கிக் காட்டி, "அக்கா, ரெண்டு நாளா இங்கே எரியுதுன்னு சொன்னேனே, இப்பப் பாரு" என்றான். வலது விலாவில், முதுகிலிருந்து முன்பக்கம் வரை ஒரே பட்டையாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள்.

அம்மா பார்த்ததுமே, "அக்கிடா இது. வேளார் வீட்டிலே காவி குழைச்சு மூணு நாள் எழுதினா இறங்கிடும்" என்று கிளம்பினாள். சிறு வயதில் எனக்கும் எழுதியிருக்கிறார்கள். தானாகவே ஆறியும் போயிற்று.

ஆனால் என் தம்பி கதை வேறு. நாலு வருஷம் முன்பு அம்மாவின் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். உடம்பு அதை அந்நியம் என்று தள்ளிவிடாமலிருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுகிறான். காவற்காரனைத் தூங்க வைத்த வீடு மாதிரிதான் அவன் உடம்பு!

"எழுத வேண்டாம்மா, டாக்டரிடம் போவோம்" என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கொடுத்த கிட்னியை நானே கெடுப்பேனா?" என்று அழுதாள். என்ன சொல்ல? அவளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

டாக்டர் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து, அசைக்ளோவிர் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் ஒளிந்திருந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாக எழுமாம். இவனைப் போன்றவர்களுக்கு அது உடம்பெங்கும், நுரையீரல், மூளை வரைகூடப் பரவலாம். கொப்புளம் கண்டு மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லதாம். காவிக்காகக் காத்திருந்தால் அந்த மூன்று நாளும் போயிருக்கும்!

இன்னொரு விஷயம் படித்து வியந்தேன். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்கச் செய்த பழைய மருந்துகளில் ஒன்று அசதயோப்ரின். அதை உருவாக்கியதிலும், அசைக்ளோவிர் வந்ததிலும் பங்குள்ளவர் ஒரு பெண்மணி, அமெரிக்காவின் கெர்ட்ரூட் எலியன். 1988-ல் நோபல் பரிசு பெற்றார்.

சிறுநீரகம் மாற்றியவர் உங்கள் வீட்டில் இருந்தால், சகோதரிகளே, இவற்றை மறக்காதீர்கள்:

* ஒரே பக்கமாக எரிச்சலோ கொப்புளமோ கண்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். கண்ணருகே வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.
* பயந்துபோய் தினசரி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகமே போய்விடலாம்.
* வலிக்கென்று கடையில் மாத்திரை வாங்காதீர்கள். பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது.
* குழந்தைகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால், அவருக்குக் கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.
* மருக்களும் இவர்களுக்கு அதிகம் வரும். கிள்ளாதீர்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். பெரிதானாலோ புண்ணானாலோ காட்டிவிடுங்கள்.

தம்பி பத்து நாளில் வீடு திரும்பினான். வடு இருக்கிறது, சிறுநீரகம் பத்திரம். இப்போதெல்லாம் தெருவில் யாருக்கு அக்கி என்றாலும் அம்மா முதலில் கேட்பது, "தினம் மாத்திரை ஏதாவது சாப்பிடறியாப்பா? அப்போ நேரே டாக்டர்கிட்டே போ!"