மூன்றாவது ஊசி எதற்கு?

இங்கிலாந்து தேசத்தில் முதியோர் விடுதிகளில் இருப்பவர்களுக்குக் கொரோனா தடுப்பு ஊசி இரண்டு தடவையோடு நில்லாமல் மூன்றாம் தடவையும் அதற்கு மேலும் போடப்பட்டதைக் காட்டி, “முதல் ஊசி மெய்யானால் மூன்றாவது ஊசி எதற்கு?” என்று பரிகாசம் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்படிக் கேட்பதைக் குற்றமென்று நாம் சொல்ல மாட்டோம். எதையும் ஏன், எதற்கு என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டவர்கள் பதிலையும் கேட்டுப் போக வேண்டுமா, இல்லையா?

முதலில் நடந்த சங்கதியைப் பார்ப்போம். 2020 மார்ச்சு முதல் 2021 ஏப்ரல் தொடக்கம் வரையில் இங்கிலாந்திலும் வேல்சிலும் இவ்விடுதிகளில் இருந்தவர்களில் 40,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டு மாண்டார்கள். ஆகவேதான் 2020 டிசம்பரில் ஊசி வந்தபோது, அங்கிருந்த முதியவர்களையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் வரிசையின் தலையிலே வைத்தார்கள்.

தேகத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாவது மந்திரத்தால் அல்ல. நோய்க்கிருமியின் அடையாளத்தை ஊசி காட்டுகிறது. இரத்தத்திலுள்ள அணுக்கள் அதைக் கற்றுக்கொண்டு எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகின்றன. அவ்வணுக்களில் ஒரு வகையைப் பழக்குகிற தைமஸ் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிவிடுகிறது. புதிய கிருமியைக் கற்கும் அணுக்கள் கிழவயதில் குறைவு. ஆதலால்தான் நோயே காணாத முதியவர்களுக்கு முதல் ஊசியில் எதிர்ப்பு சொற்பமாகவும், முன்பே நோய் கண்டு பிழைத்தவர்களுக்கு மிகுதியாகவும் உண்டாயிற்று. மேலும், உண்டான எதிர்ப்புப் பொருளும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. ஆனால் கற்ற பாடம் அடியோடு மறந்துபோவதில்லை. திரும்ப ஊசி போட்டால், நினைவு வைத்திருக்கும் அணுக்கள் சில நாட்களிலேயே கிளம்பிவிடுகின்றன. மூன்றாவது ஊசியின் வேலை இதுதான்.

இது வெறும் யூகமும் அல்ல. இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜார் ‘விவால்டி’ என்ற பெயரால் விடுதிவாசிகளை ஆராய்ந்து வந்தார்கள். நோய் காணாத முதியவர்களுக்கு இரண்டாம் ஊசியால் நூற்றுக்கு 60 அளவில் இருந்த பாதுகாப்பு, சில மாதத்தில் 20 அளவுக்கு இறங்கிற்று. 2021 செப்டம்பரில் தொடங்கிய மூன்றாவது ஊசிக்குப் பின் அது 70-க்கு மேல் ஏறிற்று. சாவைத் தடுக்கும் பலமோ 90-க்கு மேல் வந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஊசியின் பலம் இறங்கிவிட்டது என்பதை உலகத்துக்குச் சொன்னவர்கள் யார்? ஊசி போட்டவர்களேயல்லவா! தாயத்து கட்டினவன் என்றைக்காவது தாயத்தை இப்படிச் சோதித்துக் கணக்குக் காட்டியதுண்டா? பலிக்காவிட்டால் “உன் நம்பிக்கை போதாது, உன் விதி அப்படி” என்று பாதிக்கப்பட்டவன் தலையிலேயே பழியைப் போடுவான். தன் குறையைத் தானே அளந்து சொல்லித் திருத்திக்கொள்வது அறிவின் யோக்கியதையே தவிர, அதன் பித்தலாட்டம் ஆகாது.

இனி, “எண்பது வயதானவருக்கு இவ்வளவு செலவு எதற்கு?” என்கிறவர்களும் உண்டு. உழைத்து ஓய்ந்தவனின் உயிருக்கு விலை குறைவென்று தீர்மானிக்க இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்? இவர்களுக்கு அந்த வயது வராதா?

ஒரு குறையை மாத்திரம் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பணக்கார தேசங்கள் மூன்றாவது ஊசிக்குக் கிளம்பியபோது, ஏழை தேசங்களில் அநேகருக்கு முதல் ஊசியே கிட்டவில்லை. 2021 ஆகஸ்டில் உலகச் சுகாதார ஸ்தாபனம் அதைக் கண்டித்துக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிற்று. அது பங்கீட்டின் அநீதியே ஒழிய, ஊசியின் பொய் அல்ல.

ஆகவே, வீட்டில் முதியவர்கள் உள்ளவர்கள் வதந்தியை நம்பி இராமல், எந்த ஊசி எப்போது தேவை என்பதை வைத்தியரிடம் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.