செப்டிக் டேங்க் ‘ஃபுல்’ ஆயிடுச்சா? லாரியைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்க!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத ஏரியாக்களில், பாத்ரூமில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் உடனே வரும் தீர்ப்பு ஒன்றுதான்: “டேங்க் ஃபுல் ஆயிடுச்சு, லாரியை வரச் சொல்லு.” லாரி வரும், உறிஞ்சும், காசு வாங்கிக்கொண்டு போகும். சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. லாரி கடைசியில் செய்ய வேண்டிய வேலை. நாம் அதைத்தான் முதலில் செய்கிறோம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். செப்டிக் டேங்க் எப்போதுமே ஃபுல்லாகத்தான் இருக்கும். அதன் வடிவமைப்பே அப்படி. கனமான கழிவு கசடாக அடியில் தங்கும். எண்ணெய்ப் பசை ஆடை போல மேலே மிதக்கும். நடுவில் தெளிந்த தண்ணீர், வெளியேறும் குழாய் வழியாக ‘சோக் பிட்’ எனப்படும் உறிஞ்சு குழிக்குப் போகும். எனவே தண்ணீர் மட்டம் அந்தக் குழாய் வரை இருந்தால் அது கோளாறு இல்லை. அதற்கு மேலே ஏறினால்தான் பிரச்சினை.

அடைப்பு எங்கே? இப்படிக் கண்டுபிடிக்கலாம்

* ஒரே ஒரு சிங்க் மட்டும் மெதுவாக இறங்குதா? அந்தக் குழாயில்தான் அடைப்பு. டேங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.
* தரைத்தளம் முழுக்க மெதுவாகி, டாய்லெட்டில் ‘களக் களக்’ சத்தம் வருதா? வெளியே இருக்கும் சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். நிரம்பி நின்றால் அதற்கு அப்பால்.
* சேம்பர் நிரம்பியும் டேங்க் மட்டம் சரியாக இருந்தால், டேங்குக்குள் நுழையும் குழாயில் அடைப்பு. பிளம்பர் வெளியிலிருந்தே ராடு விட்டு எடுத்துவிடலாம்.
* டேங்க் மட்டம் வெளியேறும் குழாய்க்கு மேல் ஏறியிருந்தால், அந்தக் குழாய் அடைத்திருக்கிறது. அல்லது சோக் பிட் தண்ணீரை உறிஞ்சவில்லை.
* லாரி வந்து போன சில வாரங்களிலேயே மறுபடி ஏறினால், பெரும்பாலும் சோக் பிட்தான் குற்றவாளி. எத்தனை லோடு எடுத்தாலும் பலன் இருக்காது.

டேங்க் மூடியை பிளம்பரை வைத்தே திறக்கவும். குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

நம்ம ஊரில் ஏன் அதிகம்?

இரண்டு காரணங்கள். முதலாவது, காலுக்குக் கீழே இருக்கும் பாறை. இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறைப் பூமி. மேல் மண்ணைத் தாண்டினால் தண்ணீர் ஊறிப் போக இடம் குறைவு; குழியை இன்னும் ஆழமாகத் தோண்டுவதால் பயனில்லை. பாறையில் வெடிப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கழிவுநீர் அதன் வழியே வடிகட்டப்படாமல் போர்வெல்லை எட்டிவிடலாம். குடிநீர்க் கிணற்றுக்கும் சோக் பிட்டுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அரை கிரவுண்டு மனையில் அது எப்படி முடியும்?

இரண்டாவது, ஆள் எண்ணிக்கை. நாலு பேர் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில், ஷிஃப்டு வேலைக்குப் போகும் எட்டு பேர் தங்கினால், தண்ணீர் டேங்கில் நிற்கும் நேரம் பாதியாகிவிடும். கசடு அடியில் தங்க நேரமில்லாமல் தண்ணீரோடு சோக் பிட்டுக்குப் போய், மண்ணின் துளைகளை அடைத்துவிடும். வாடகையை ஆள் கணக்கில் வாங்கும் ஓனர்கள், டேங்கையும் அதே கணக்கில் பார்க்க வேண்டாமா?

சரி, என்னதான் பண்றது?

டேங்கில் சேரும் கசடை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள். பொங்கி வழியும் வரை காத்திருந்தால் சோக் பிட்டும் சேர்ந்து போய்விடும். நாப்கின், வெட் வைப்ஸ், சமையல் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அள்ளிக் கொட்டினால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாதான் சாகும். வாஷிங் மெஷின், குளியல் தண்ணீரைத் தனியாகப் பிரித்துவிட்டாலே டேங்கின் சுமை கணிசமாகக் குறையும். சோக் பிட் செத்துவிட்டது என்று உறுதியானால், வேறு இடத்தில் புதிதாக அமைப்பதுதான் வழி.

எந்த நிலையிலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சில மூச்சிலேயே மயக்கி விழ வைக்கும். காப்பாற்றக் குதிப்பவரும் அங்கேயே விழுவார். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது வீட்டு ஓனருக்கும் பொருந்தும். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. “அடியில கொஞ்சம்தான் இருக்கு, இறங்கி அள்ளிடலாம்” என்று யாராவது சொன்னால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

யார் என்ன செய்யணும்?

வாடகைக்குப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: டேங்க் மூடி எங்கே, கடைசியாக எப்போது எடுத்தீங்க? மூடியைப் பார்க்கிங் டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிட்ட வீடுகள் நிறைய. மூடியைத் திறக்க வழியில்லாத டேங்குக்குக் கட்டட அனுமதியே தரக் கூடாது. கசடு எடுத்த தேதியை உள்ளாட்சி அமைப்புகள் வீடுவாரியாகப் பதிவு செய்ய வேண்டும். சொத்து வரிக்கு வீட்டு எண் வாரியாகக் கணக்கு வைக்க முடிகிறதே, இதற்கு முடியாதா?

லாரிக்காரரிடமும் ஒன்று கேட்கணும்: லைசென்ஸ் இருக்கா, இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டப் போறீங்க? கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் பெங்களூருவைத் திட்டுகிறோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நம் வீட்டுக் கழிவு நம்ம ஊர் ஏரிக்கரையில் கொட்டப்பட்டால், அதற்கு எந்த மாநிலத்தைத் திட்டுவது?