கல்லிடுக்கில் ஒரு சிரஞ்சீவி

செடி பட்டுப்போனால், ஜலம் விடவில்லை என்று பிறர்மேல் பழி கூறுவது உலக வழக்கம். ஜலம் விட்டே கொன்ற பழி நம்மைச் சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று தொட்டியில் வைத்த ரணகள்ளியை, அன்பு மிகுதியால் இரு வேளையும் நனைத்து, வேர் அழுகச் செய்துவிட்டோம். அதே குடும்பத்து மலைச்செடி ஒன்றைப் பற்றி வாசித்த பின்னரே நம் குற்றம் நமக்கு விளங்கிற்று.

அதன் பெயர் செம்பர்விவம். லத்தீனில் 'என்றும் உயிருள்ளது' என்று பொருள். நாம் சிரஞ்சீவி என்போம். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில், பிடி மண்ணும் இல்லாத பாறை வெடிப்புகளில், விரிந்த தாமரைபோல் இலைகளை அடுக்கிக்கொண்டு தரையோடு அமர்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் பனி மூடும். கோடையில் பாறை சுடும். இரண்டுக்கும் அது அஞ்சுவதில்லை. தடித்த இலைகளில் ஜலத்தைச் சேமித்து, வறட்சி வந்தால் பகலில் இலைத் துவாரங்களை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்து, மறுநாள் வெயிலில் உணவு சமைக்கிறது.

இதைக் கூரைமேலும் வளர்த்தார்கள். சார்லமேன் சக்கரவர்த்தியின் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி எழுந்த பண்ணை விதிகள், தோட்டக்காரன் தன் வீட்டின்மேல் இச்செடியை வைத்திருக்க வேண்டும் என்கின்றன. இடி விழாமல் காக்கும் என்பது பழைய நம்பிக்கை. 1753-இல் லின்னேயஸ் ஒரு வகைக்குக் 'கூரைக்குரியது' என்றே பெயரிட்டார்.

பாறைத் தோட்டத்தில் இதை வளர்க்கும் முறை எளிது. மண்ணும் பருமணலும் சரிபாதி கலந்து கல்லிடுக்கில் நிரப்பி, வெயில் படும் பக்கமாகச் சற்றே சாய்த்து நடுவார்கள்; மழை ஜலம் இலைகளிடையே தங்காமல் வழிந்துவிடும். எருவிட்டுக் கொழுக்க வைத்தால் செடி தளர்ந்து நிறமிழக்கும். வேர் பிடித்தபின் ஜலம் விடுவது அரிது. பனி அதைக் கொல்வதில்லை. தேங்கிய ஈரமே கொல்லும்.

சிரஞ்சீவி என்றோமே, அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில ஆண்டுகள் வளர்ந்த தாய் ஒரே முறை தண்டுயர்த்திப் பூத்து, நம் வாழையைப் போல் மடிந்துவிடும். அதற்குள் சுற்றிலும் கன்றுகள் வேரூன்றியிருக்கும். அவற்றைப் பிரித்து வேறு இடுக்கில் வைத்தால் போதும், வமிசம் தொடரும்.

இப்பொழுது நம் திண்ணைத் தொட்டியில், மண்மேல் வைத்த ரணகள்ளி இலையொன்று விளிம்பில் கன்று விட்டிருக்கிறது. காலையில் செம்போடு போகிறோம். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறோம். பெரும்பாலும் நிறைந்த செம்போடே திரும்புகிறோம்.